படுக்கையில் இருப்பவரிடம் முதலில் பேசுங்கள்: வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியருக்கு

நர்சிங் முதலாண்டிலேயே நான்கு சொற்களை மனப்பாடம் செய்துவிட்டுத்தான் வருகிறீர்கள். நோயாளியின் சுயமுடிவு, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி. நான்கும் சரியானவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் மதுரைப் பக்கத்து வார்டு ஒன்றில் ஒரு நோயாளியைச் சுற்றி மகன், மருமகள், தாய்மாமன், பக்கத்து வீட்டுக்காரர், ஊர்ப் பெரியவர் என்று எட்டுப் பேர் நின்று எட்டு விதமாகப் பேசுவார்கள். அந்த நேரத்தில் நான்கு சொற்களில் எதை எடுத்து எங்கே வைப்பது என்று பாடப்புத்தகம் சொல்லித் தருவதில்லை.

நான் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன், ஆண் செவிலியர். அங்கே ஒரு சிறிய மருத்துவமனையில் தொடங்கி, பிறகு மதுரையில் சில இடங்களில் வேலை பார்த்து, இப்போது ஒரு பொது வார்டின் பொறுப்பாளராக இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது ஒரே ஒரு வேலைமுறை: எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் கட்டிலில் படுத்திருப்பவரிடம் பேசுங்கள். நிற்பவர்களிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். முக்கால்வாசிச் சிக்கல் அங்கேயே அவிழ்ந்துவிடும். மீதிக் கால்வாசிக்குச் சட்டம் இருக்கிறது. அதையும் ஆங்காங்கே சொல்கிறேன்.

நீங்கள் யார், அவர் யார்

கட்டிலருகே போனதும் உங்கள் பெயரையும் வேலையையும் சொல்லுங்கள். "நான் இன்னார், இன்று இரவு எட்டு மணி வரை உங்களைக் கவனிக்கப்போகிற செவிலியர்." பெண்களுக்கு இதில் பெரிய சங்கடம் இல்லை. உடையைப் பார்த்ததும் சிஸ்டர் என்றுவிடுவார்கள். ஆண்களுக்குத்தான் சோதனை. கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கினால் போதும், செக்கானூரணியிலிருந்து வந்த அப்பத்தா "டாக்டர் தம்பி" என்று கையைப் பிடித்துக்கொள்வார். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். இருந்தாலும் உடனே திருத்திவிடுங்கள். உங்களை மருத்துவர் என்று நம்பிக்கொண்டு அவர் கேட்கிற கேள்வி வேறு. நீங்கள் பேச்சுவாக்கில் சொல்கிற பதிலுக்கு அவர் கொடுக்கிற எடையும் வேறு. "மாத்திரையை ராத்திரி சாப்பிட்டால் போதும் என்று டாக்டரே சொல்லிவிட்டார்" என்று வீட்டில் போய் வேளையை மாற்றிக்கொள்வார்கள். திருத்தினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. "சரி தம்பி, நீயே ஊசி போடு, உன் கைதான் வலிக்காது" என்பார் அப்பத்தா.

அடுத்து அவர் பெயர். "பதினாலாம் நம்பர்" என்று கூப்பிடுகிற பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். மரியாதைக் குறைவு என்பது ஒரு பக்கம். எங்கள் வார்டில் ஒரே நேரத்தில் ஒரு சோலைப்பாண்டி, ஒரு செல்லப்பாண்டி, வெறும் பாண்டி இருவர் இருப்பது சாதாரணம். மாலையில் கட்டில் மாற்றினால் பதினாலாம் நம்பரில் இருப்பவர் வேறு பாண்டி. "நீங்கள் பாண்டிதானே?" என்றும் கேட்காதீர்கள். காய்ச்சலில் கிடப்பவர் எதற்கும் தலையாட்டுவார். காது மந்தமானவர் கட்டாயம் ஆட்டுவார். "உங்கள் பெயர் என்ன? அப்பா பெயர் என்ன? எந்த ஊர்?" என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து, கைப்பட்டையோடும் கேஸ் ஷீட்டோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வேளை மருந்துக்கும் இதைச் செய்தால் சிலர் "எத்தனை தடவை கேட்பாய்?" என்று அலுத்துக்கொள்வார்கள். "தப்பான மருந்து உங்களுக்கு வந்துவிடக் கூடாதே ஐயா" என்று காரணத்தைச் சொன்னால் அடுத்த வேளைக்கு அவரே முந்திக்கொண்டு மூன்றையும் ஒப்பிப்பார்.

மருந்து, எழுத்து

தீங்கு செய்யாமை என்பது வார்டில் பெரும்பாலும் கணக்குத்தான். நம் நாட்டில் இன்சுலின் குப்பி, மில்லிக்கு 40 யூனிட் என்றும் 100 யூனிட் என்றும் இரு வகையாக வருகிறது. 40க்கான ஊசிக்குழலுக்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 ஊசிக்குழலில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். பிரதர் சொன்னார், சிஸ்டர் சொன்னார் என்று இல்லாமல் குப்பியை உங்கள் கண்ணால் படியுங்கள். வீட்டுக்குப் போகிற நோயாளிக்கும் எந்தக் குப்பிக்கு எந்தக் குழல் என்று காட்டிவிட்டு, அவரையே எடுத்துக்காட்டச் சொல்லுங்கள். மகளிடம் சொல்லி அனுப்பினால், மகள் தேனிக்குப் போன பிறகு அவர் என்ன செய்வார்?

இரவில் மருத்துவர் தொலைபேசியில் மருந்து சொல்வார். கேட்டதை அப்படியே திரும்பச் சொல்லுங்கள்: மருந்தின் பெயர், அளவு, எந்த வழியில், எத்தனை மணிக்கு. "சரி" என்று அவர் சொன்ன பிறகு நேரத்தோடு எழுதி, காலையில் கையெழுத்து வாங்குங்கள். அளவோ கொடுக்கும் வழியோ தவறாகத் தெரிந்தால்? "டாக்டர், பொட்டாசியம் குளோரைடை நேராகச் செலுத்தச் சொல்கிறீர்களா, டிரிப்ஸில் கலந்து மெதுவாக விடச் சொல்கிறீர்களா?" என்று கேள்வியாகவே கேளுங்கள். கலக்காத பொட்டாசியம் நேராக ரத்தக் குழாயில் போனால் இதயம் நின்றுவிடும் என்பது அவருக்கும் தெரியும். தூக்கக் கலக்கத்தில் சொல்லியிருப்பார், பத்தில் ஒன்பது பேர் "நல்லவேளை கேட்டீர்கள்" என்பார்கள். அந்தப் பத்தாவது ஆள் "நான் சொன்னதைச் செய்" என்று வைத்துவிட்டால், செய்யாதீர்கள். கண்காணிப்பாளரையும் அடுத்த நிலை மருத்துவரையும் அழையுங்கள். "மருந்து நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, காரணம் இது, இன்னாரிடம் இத்தனை மணிக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று எழுதுங்கள். மருத்துவர் சொன்னதால் போட்டேன் என்பது தற்காப்பு ஆகாது. ஊசி பிடித்த கை உங்களுடையது.

எழுதுவதைப் பற்றி ஒரு கசப்பான உண்மை. இரவு டியூட்டியில் இருபது கட்டிலுக்கும் ரத்த அழுத்தம் 120/80, மூச்சு எண்ணிக்கை 20 என்று ஒரே கையெழுத்தில் ஓடுகிற பக்கங்களை நீங்களும் பார்ப்பீர்கள். உலகத்தில் இருபது பேர் ஒரே சீராக மூச்சு விடுவதில்லை. பார்க்காததை எழுதுவதைவிட, "பார்க்க இயலவில்லை, அவசர நோயாளி வந்ததால்" என்று எழுதுவது எவ்வளவோ மேல். மோசமாகப் போகும் நோயாளியை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த மூச்சு எண்ணிக்கைதான். எழுத்தில் தவறு வந்தால் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் நேரமும் இடுங்கள். வெள்ளை மையால் மூடினால் நாளைக்கு நீங்கள் நல்லதைச் செய்திருந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

சம்மதம் யாருடையது

அறுவைச் சிகிச்சைக்கு முன் சம்மதப் படிவம். இங்கே நடக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். மூத்த மகன் மேசைக்கு வந்து "எங்கே கையெழுத்து?" என்பார், படிவத்தை அவரிடம் நீட்டுவோம், முடிந்தது. கட்டிலில் இருக்கும் அம்மாவுக்கு நாளைக் காலையில் என்ன அறுக்கப்போகிறார்கள் என்று தெரியாது.

2008இல் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நோயைக் கண்டறிய லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே கருவியை விட்டு வயிற்றுக்குள் பார்ப்பது) செய்வதற்காக மயக்கம் கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, வெளியே இருந்த அவருடைய தாயாரிடம் கேட்டுக்கொண்டு கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சிறிது நேரம் மயக்கத்தில் இருக்கும் வயது வந்த பெண்ணுக்காகத் தாயார் தந்த சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்த சம்மதம் ஆகாது என்றும் சொன்னது. தாயார் பாசத்தில்தான் தலையாட்டியிருப்பார். உடல் அவருடையது இல்லையே.

ஆகவே செய்ய வேண்டியது இது. விளக்குவது மருத்துவரின் வேலை. அதை நீங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போடுபவர். போடுவதற்கு முன் நோயாளியிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "நாளைக்கு உங்களுக்கு என்ன செய்யப்போகிறார்கள் அம்மா, எனக்குச் சொல்லுங்கள்." அவர் தன் வார்த்தையில் சொன்னால் கையெழுத்துப் போடுங்கள். "எனக்கு என்ன தெரியும், பையனுக்குத்தான் தெரியும்" என்றால் பேனாவை மூடிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். கைநாட்டு வைப்பவருக்குப் படிவம் முழுவதையும் தமிழில் உரக்க வாசித்துக் காட்டுங்கள். கைநாட்டு வைப்பவர் என்றால் புரியாதவர் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. வாசித்துக் காட்டிப் பாருங்கள், வக்கீல் கேட்காத கேள்வியெல்லாம் கேட்பார்கள்.

பையன் முகம் சுருங்கும். "எங்களை மீறி அம்மாவிடம் பேசுகிறீர்களா?" என்பார். சண்டைக்குப் போகாதீர்கள். "நீங்களும் கூடவே இருங்கள் அண்ணே, அம்மாவுக்குப் புரிந்திருக்கிறதா என்று நாம் இருவருமே பார்த்துவிடலாம்" என்று சொல்லுங்கள். குடும்பத்தை வெளியே தள்ளுவது நம் ஊருக்கு ஒத்துவராது, தள்ளவும் வேண்டியதில்லை. அவர்கள் கூட இருக்கலாம், அம்மாவுக்குப் பதிலாகப் பேசக் கூடாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

குடும்பக்கட்டுப்பாட்டு அறுவைக்குக் கணவரின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. வயது வந்த பெண்ணின் கருக்கலைப்புக்கும் அப்படியே. இதைத் தெரியாமல் "வீட்டுக்காரரைக் கூட்டி வா" என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

சம்மதம் அறுவை அரங்கோடு முடிவதில்லை. கட்டு அவிழ்ப்பதற்கும், சட்டையைத் தூக்கி நெஞ்சில் ஈசிஜி ஒட்டுவதற்கும் அது வேண்டும். ஆண் செவிலியர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. பெண் நோயாளிக்குச் சிறுநீர்க் குழாய் போடவோ, மார்புப் பக்கம் கட்டு மாற்றவோ நேர்ந்தால் முதலில் கேளுங்கள்: "நான் செய்யலாமா, சிஸ்டரை அனுப்பட்டுமா?" பெரும்பாலும் சிஸ்டரைத்தான் கேட்பார்கள். அதில் நமக்கு என்ன குறைந்துவிடும்? சிஸ்டர் கிடைக்காத அவசரம் என்றால் துணைக்கு ஒரு பெண் ஊழியர் நிற்கட்டும், திரையை முழுவதும் இழுத்துவிடுங்கள். தொடுவதற்கு முன் வாயால் சொல்லுங்கள்.

வெளியே போகக் கூடாத விஷயம்

பொது வார்டில் ரகசியத்துக்கு முதல் எதிரி நம் குரல். காலை ரவுண்டில் "இவருக்குப் பால்வினை நோய்ப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது" என்று சொன்னால் திருமங்கலம் வரை செய்தி போய்விடும். பக்கத்துக் கட்டில்காரர் அவருடைய சம்பந்தி ஊர்க்காரராக இருப்பார். அப்படித்தான் இருக்கும், இது மதுரை.

எச்ஐவி விஷயத்தில் சட்டமே தெளிவாக இருக்கிறது. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்ஐவி, எய்ட்ஸ் சட்டப்படி, சம்மதமில்லாமல் பரிசோதிப்பதும் ஒருவரின் நிலையை வெளியே சொல்வதும் கூடாது, விதிவிலக்குகள் சிலவே. கேஸ் ஷீட்டின் மேலட்டையில் சிவப்பு மையால் எழுதுவது, கட்டிலில் அடையாளம் ஒட்டுவது, தட்டைத் தனியாக வைப்பது எல்லாம் அந்த நிலையை ஊருக்குச் சொல்கிற வேலைதான். "எங்கள் பாதுகாப்புக்காகத்தானே" என்று கேட்பீர்கள். பரிசோதனை செய்யாதவரின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? எல்லோர் ரத்தத்தையும் தொற்றுள்ளதாக நினைத்துக் கையுறை போடுங்கள், ஊசியைத் திரும்ப மூடாதீர்கள், வெள்ளைப் பெட்டியில் போடுங்கள். குத்திக்கொண்டால் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு உடனே சொல்லுங்கள். தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். பயந்து மறைத்தால் அந்த நேரம்தான் வீணாகும்.

காக்க முடியாத ரகசியங்களும் உண்டு. பதினேழு வயதுப் பெண் கர்ப்பமாக வருகிறாள், கூட வந்த அத்தை "பத்தொன்பது என்று எழுதுங்கள்" என்கிறார். போக்சோ சட்டம், 2012, பதினெட்டு வயதுக்குக் கீழானவரிடம் பாலியல் குற்றம் நடந்ததைத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் தண்டனை. வயதை மாற்றி எழுதுவது கருணை ஆகாது. அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசுகிற சந்தர்ப்பத்தை உண்டாக்குங்கள். எடை பார்க்க, சிறுநீர் எடுக்க என்று ஏதாவது சொல்லி அத்தையிடமிருந்து பிரித்து அழைத்துப் போகலாம். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, "சில விஷயங்களை நான் மேலே சொல்லியாக வேண்டும், ஆனால் வார்டில் யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறுவதைவிட இது நேர்மை. கருக்கலைப்பு கேட்டு வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல் துறைக்குக் கொடுக்கும் தகவலில் அவளுடைய பெயரும் அடையாளமும் இல்லாமல் மருத்துவர் அனுப்பலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை மருத்துவருக்கு நினைவூட்டுங்கள்.

செல்போனைப் பற்றி ஒரு வரி: வார்டில் எடுத்த படம் எதுவும் உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வரக் கூடாது, குழந்தையின் பாதம் என்றாலும் சரி.

"அவரிடம் சொல்லிவிடாதீர்கள்"

வாரம் தவறாமல் இதைக் கேட்பீர்கள். புற்றுநோய் என்று உறுதியானதும் மகன் நர்ஸ் மேசைக்கு வந்து காதோடு சொல்வார்: "அப்பாவிடம் அல்சர் என்று சொல்லியிருக்கிறோம்." பாசம்தான், சந்தேகமில்லை. சொன்னால் அப்பா மனம் உடைந்துவிடுவார் என்ற பயம். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய் மகனிடம் சுயமுடிவு பற்றி வகுப்பெடுக்காதீர்கள்.

நான் சொல்வது வழக்கமாக இந்த இரண்டு வாக்கியம்தான்: "நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன், அது என் வேலையும் இல்லை. ஆனால் அவரே என்னைக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்." இதைக் கேட்டதும் பெரும்பாலான மகன்கள் சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அப்படியானால் எப்படிச் சொல்வது?" என்று கேட்பார்கள். அவர்களுக்கும் அந்தப் பொய் பாரமாகத்தான் இருக்கிறது. அங்கிருந்து மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பேரையூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர். கீமோ அறைக்குப் போகும் பாதையில் எழுதியிருக்கும் பலகையைப் படிக்கத் தெரிந்தவர். "அல்சருக்கு முடி கொட்டுமா தம்பி?" என்று கேட்டார். மூன்று பிள்ளைகளும் மறைத்துக்கொண்டிருந்தார்கள், அவரும் தெரிந்ததை மறைத்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு என்னென்ன தெரிய வேண்டும் ஐயா?" என்று கேட்டேன். பிழைப்பாரா என்று அவர் கேட்கவில்லை. அண்ணன் தம்பிக்குள் கிணற்றுப் பங்கு எழுதாமல் கிடக்கிறது, சித்திரைக்குள் பத்திரம் முடிக்க உடம்பு தாங்குமா என்று கேட்டார். காலையில் மருத்துவர் வரும்போது இதே கேள்வியைக் கேளுங்கள், நானும் பக்கத்தில் நிற்கிறேன் என்றேன். கேட்டார். மருத்துவர் கட்டிலில் உட்கார்ந்து பதில் சொன்னார். கிணற்றுப் பங்கு முடிந்தது. அல்சர் என்று சொல்லியே அனுப்பியிருந்தால் அது பிள்ளைகள் காலத்து வழக்காகி, நீதிமன்றத்தில் கிடந்திருக்கும்.

எல்லோரும் தெரிந்துகொள்ள விரும்புவார்கள் என்று நினைத்துக்கொள்ளவும் கூடாது. "எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், மகளிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்கிற பாட்டிகள் உண்டு. அதுவும் அவர்கள் முடிவுதான். ஆனால் அதைப் பாட்டி சொல்ல வேண்டும், மகள் சொல்லக் கூடாது.

பிள்ளை பிறந்த அறை

எண்பதுகளில் எங்கள் ஊர்ப் பெயர் பெண்சிசுக் கொலைக்காகப் பத்திரிகைகளில் அடிபட்டது. இன்றும் வெளியூரில் உசிலம்பட்டி என்று சொன்னால் சிலர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் அதிகம்தான். வயிற்றிலிருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்லால், சைகையால், வேறு எந்த விதத்திலும் தெரிவிக்கக் கூடாது என்கிறது 1994ஆம் ஆண்டுச் சட்டம். "நல்ல செய்திதான்" என்று சிரிப்பதும், லட்டு வாங்கி வையுங்கள் என்பதும் சைகையே. சொந்தக்காரர், உடன் வேலை பார்ப்பவர் என்று பார்க்காதீர்கள்.

பிறந்த பிறகு சொல்கிற விதத்துக்குச் சட்டம் இல்லை; அது நம் கையில் இருக்கிறது. பிரசவ அறைச் சிஸ்டர் ஒருவர், ஆண் குழந்தை என்றாலும் பெண் குழந்தை என்றாலும் ஒரே சத்தத்தில், ஒரே சிரிப்போடு சொல்வார். முதலில் அம்மாவிடம் சொல்லிவிட்டு, பிறகுதான் வெளியே வருவார். "பெண் குழந்தை" என்று குரலை இறக்கிச் சொல்கிற ஒரு செவிலியர், அந்தக் குழந்தைக்குக் கிடைக்கும் முதல் வரவேற்பைக் கெடுத்துவிடுகிறார். பிள்ளையைக் காட்டக் காசு வாங்குவது, அதிலும் ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை என்று வைப்பது போன்ற இழிவு இந்தத் தொழிலில் வேறில்லை. ஐம்பது ரூபாயானாலும் வேண்டாம். வீட்டுக்குப் போகும்போது எல்லோருக்கும் பொதுவாக அல்வாப் பெட்டி கொடுத்தால் மேசையில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுங்கள். மற்றபடி எதுவும் சட்டைப் பைக்குள் போகக் கூடாது.

முந்தி யார்

பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு நடக்கும். மாடு முட்டியவர்கள் பெரும்பாலும் பெரியாஸ்பத்திரிக்குப் போவார்கள், எங்களைப் போன்ற இடங்களுக்கும் வருவார்கள். முழங்கை சிராய்த்த ஒருவரோடு பத்துப் பேர் வந்து, கட்சிக்காரர் ஒருவர் தொலைபேசியை உங்கள் காதில் வைப்பார். மூலையில் வயிற்றில் சின்னக் குத்துக்காயத்தோடு ஓர் இளைஞர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார். கொம்புக் காயம் வெளியே சிறிதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். முதலில் அவருடைய நாடித்துடிப்பைப் பாருங்கள். தொலைபேசிக்காரரிடம் "ஐயா, உங்கள் ஆளைப் பார்த்துவிட்டேன், நன்றாக இருக்கிறார், வரிசையில் கூப்பிடுகிறேன்" என்றால் போதும். நீதி என்றால் எல்லோருக்கும் ஒரே நேரம் ஒதுக்குவது என்று சிலர் நினைக்கிறார்கள். அதிகம் தேவைப்படுகிறவருக்கு முதலில் கொடுப்பதுதான் அது.

"தம்பி எந்த ஊர்?" என்பது நம் பக்கத்தில் இரண்டாவது கேள்விக்கான முதல் படி. ஊரைச் சொல்வேன். அதற்கு மேல் போனால், ரத்த அழுத்தம் பார்க்கும்போது பேசக் கூடாது என்பேன். பேசினால் அளவு கூடிக் காட்டும் என்பது உண்மைதான், ஆகவே அது பொய்யும் இல்லை. கட்டு மாற்ற வரும் செவிலியரின் சாதியைக் கேட்டு வேறு ஆள் வேண்டும் என்கிறவரிடம், இந்த வார்டில் இருப்பது இந்தக் கைதான் என்று அமைதியாகச் சொல்லுங்கள். ஆள் மாற்றிக் கொடுக்காதீர்கள். பெண் நோயாளி பெண் செவிலியரைக் கேட்பதும் இதுவும் ஒன்றல்ல.

கடைசி நாட்கள்

மும்பை கேஇஎம் மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2015 மே மாதம் இறக்கும் வரை, அந்த மருத்துவமனையின் செவிலியர்கள் தலைமுறை மாறி மாறி அவரைப் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை ஆண்டுகளில் அவருக்குப் படுக்கைப் புண் வரவில்லை என்பதை உச்ச நீதிமன்றமே பாராட்டியது. பேச முடியாதவரிடமும் பேசிக்கொண்டே திருப்பிப் படுக்கவைப்பது எப்படி என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, பெயர் சொல்லி, "இடது பக்கம் திருப்பப்போகிறேன் அம்மா."

தீவிர சிகிச்சையை இனி வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023இல் நடைமுறையை எளிதாக்கி, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி சான்று போதும் என்றது. நம் வார்டுக்கு அப்படி எழுதிக்கொண்டு வருபவர் அரிது. வருவது வேறு: "உயிர் வீட்டில் போகட்டும், கொண்டு போகிறோம்." இதை மருத்துவமனையை மீறுவதாக நினைத்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். நினைவு இருந்தால் நோயாளியிடமே கேளுங்கள்: "வீட்டுக்குப் போக ஆசையா?" ஆசை என்றால் ஒழுங்காக அனுப்புங்கள். வலி மருந்து எத்தனை வேளைக்கு, எந்தக் குழாய் இருக்கட்டும், எதை எடுக்க வேண்டும், மூச்சு இரைத்தால் தலையணையை எப்படி வைப்பது, இரவில் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொடுங்கள்.

வாயில் பால் ஊற்றுகிற வழக்கம் உண்டு. விழுங்க முடியாதவருக்கு டம்ளரில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய் அவர் திணறுவார். வேண்டாம் என்று அதட்டினால் நீங்கள் போன பிறகு ஊற்றுவார்கள். பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் தடவக் காட்டிக்கொடுங்கள். பேத்தியும் தடவலாம், மருமகளும் தடவலாம், சடங்கும் நிறைவேறும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நினைவில்லாத முதியவரை அழைத்துப் போகும்போது, "நல்லெண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி இளநீர் கொடுக்கலாமா?" என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று தென்மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். முதியவரை இப்படிக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாகவைக்கும் வழக்கத்துக்குத் தலைக்கூத்தல் என்று பெயர். அது கொலை. அதை அந்தச் சொல்லாலேயே சொல்லி, மருத்துவரிடமும் நிர்வாகத்திடமும் உடனே தெரிவித்து, ஷீட்டில் எழுதுங்கள். அந்த வீட்டில் பெரும்பாலும் பணமும் ஆளும் தீர்ந்துபோயிருக்கும். மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் என்ன கிடைக்கும், வலிநிவாரணச் சேவை பக்கத்தில் எங்கே என்று சொல்ல சமூகப் பணியாளரைக் கூட்டி வாருங்கள்.

பில் பாக்கி என்று உடலைத் தடுத்துவைக்கச் சொன்னால், நீங்கள் காவலுக்கு நிற்காதீர்கள். தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனம் அதை ஏற்கவில்லை.

உங்களைப் பற்றி

சர்வதேச செவிலியர் பேரவையின் நன்னெறி விதிகள் முதலில் 1953இல் வந்தன, 2021இல் திருத்தப்பட்டன. செவிலியர் தம் உடல்நலத்தைக் காத்துக்கொள்வதும் அவற்றில் அடக்கம். இதை மேலிடத்தில் யாரும் உங்களுக்கு வாசித்துக் காட்ட மாட்டார்கள். தொடர்ந்து மூன்றாவது ஷிப்டு பார்க்கச் சொன்னால், இருபது கட்டிலுக்கு ஒருவராக நிற்கச் சொன்னால், அது உங்கள் கஷ்டம் மட்டுமல்ல. பொட்டாசியத்தையும் இன்சுலினையும் கையில் வைத்திருப்பவரின் தூக்கம். யாராவது அடிக்க வந்தால் பொறுத்துப்போவது சேவையும் ஆகாது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. புகார் கொடுங்கள்.

ஆள் பற்றாக்குறையை வாயால் சொல்லிப் பயனில்லை. தேதி, ஷிப்டு, கட்டில்கள் எத்தனை, செவிலியர் எத்தனை, அன்று செய்ய முடியாமல் போன வேலைகள் எவை என்று ஐந்து வரியில் கண்காணிப்பாளருக்குக் கடிதம் எழுதுங்கள். நோயாளியின் பெயர் அதில் வேண்டாம், கட்டில் எண் போதும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தையும் தேதியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.